சிகாகோ: ஏரிக்கரை நகரத்தில் மூன்று நாட்கள்

அமெரிக்காவில் இருக்கும் மகனையோ மகளையோ பார்க்கப் போகிறவர்களின் பட்டியலில் நியூயார்க்கும் நயாகராவும் தவறாமல் இருக்கும். சிகாகோ பெரும்பாலும் விமானம் மாறும் ஊராகவே நின்றுவிடுகிறது. மூன்று நாள் ஒதுக்கிப் பாருங்கள். நடந்தே பார்த்து முடிக்கக்கூடிய பெருநகரம் இது. இதன் மிக நல்ல இடங்கள் பலவற்றுக்குக் கட்டணமும் கிடையாது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு போனால் நகரமே எளிதில் பிடிபடும்.

1836-ல் இங்கே மனைப் பிரிவுக்கு வரைபடம் போட்டபோது, மிச்சிகன் ஏரியை ஒட்டிய நிலத்தின் மேல் அதிகாரிகள் ஒரு குறிப்பு எழுதினார்கள். இது பொது இடம், இங்கே எந்தக் கட்டடமும் என்றைக்கும் எழும்பக் கூடாது என்பது அதன் சாரம். நகரம் வளர்ந்தபோது அந்த நிலத்தின் மேல் பலருக்கும் கண் விழுந்தது. அஞ்சல் வழி வணிகத்தில் பெரும் செல்வம் சேர்த்த மான்ட்கோமரி வார்டு என்பவர் அந்தக் குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு 1890 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் வழக்காடி, கரையைக் காத்துக் கொடுத்தார். இன்றைக்கு நகரத்தின் நடுவே கிரான்ட் பூங்கா விரிந்து கிடப்பதும், அலைகளை ஒட்டிப் பல மைல் தூரம் யாரும் நடக்கலாம் என்பதும் அந்த வழக்குகளின் பலன். இந்த அத்தியாயத்தில் வரும் இடங்களில் பாதிக்கு மேல் அந்தக் கரையிலேயே இருக்கின்றன.

எப்போது போகலாம்

மே கடைசி முதல் அக்டோபர் முற்பகுதி வரை நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் நம் ஊர் வெயில் போலவே அடிக்கும். செப்டம்பர்தான் மிக இதமான மாதம். டிசம்பர் முதல் மார்ச் வரை ஏரிக் காற்று எலும்பைத் துளைக்கும். வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே இருபது பாகை வரை இறங்கும் நாட்களும் உண்டு. குளிர்காலத்தில் போக நேர்ந்தால் அருங்காட்சியகங்களை மட்டும் திட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றில் படகுகளும் பூங்கா நீரூற்றுகளும் அப்போது ஓடா. கோடையிலும் ஒரு மெல்லிய மேலாடை கையில் இருக்கட்டும். வெயில் சாய்ந்ததும் ஏரியிலிருந்து சட்டென்று குளிர்காற்று வரும்.

வழி தெரிந்துகொள்வது

சென்னைக்காரருக்குக் கடல் எந்தப் பக்கமோ, சிகாகோக்காரருக்கு ஏரி அந்தப் பக்கம். ஏரி இருக்கும் திசை கிழக்கு என்று மனதில் பதித்துக்கொண்டால் திசை தவறாது. தெருக்கள் எல்லாம் சதுரங்கக் கட்டம் போலப் போடப்பட்டவை. ஸ்டேட் தெருவும் மேடிசன் தெருவும் சந்திக்கும் முனைதான் கதவிலக்கங்களுக்குச் சுழியம். அங்கிருந்து நான்கு திசையிலும் மைலுக்கு 800 என்ற கணக்கில் எண் ஏறும். முகவரியில் 1600 வடக்கு என்றிருந்தால் அந்த முனையிலிருந்து வடக்கே இரண்டு மைல். கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் இந்தக் கணக்கு கைகொடுக்கும்.

ஊருக்குள் போய்வர 'எல்' என்று எல்லோரும் சொல்லும் ரயில் போதும். 1892-ல் ஓடத் தொடங்கிய இது, நகர மையத்தில் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களின் மேல் வளையமாகச் சுற்றுகிறது. அந்த வளையத்தை வைத்தே நகர மையத்துக்கு 'லூப்' என்று பெயர். பாதைகளுக்கு வண்ணப் பெயர்கள். ஓஹேர் விமான நிலையத்திலிருந்து நீலப் பாதை, மிட்வேயிலிருந்து ஆரஞ்சுப் பாதை. ஓஹேரிலிருந்து லூப்புக்கு முக்கால் மணி நேரம் ஆகும். சாலை நெரிசலில் டாக்ஸியை விட இதுவே முந்திப் போய்ச் சேரும். வென்ட்ரா அட்டையில் ஒரு நாள் பாஸ் எடுத்துக்கொண்டால் ரயில், பேருந்து இரண்டிலும் ஏறி இறங்கலாம். மூத்தவர்களோடு போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: எல்லா நிலையங்களிலும் மின்தூக்கி கிடையாது. சக்கர நாற்காலிக் குறி போட்ட நிலையங்களை வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள்: ஆறும் கட்டடங்களும்

முதல் நாள் காலையில் நேராக ஆற்றுக்குப் போங்கள். மிச்சிகன் அவென்யூ பாலத்தின் அடியிலிருந்து கட்டடக்கலைப் படகுப் பயணங்கள் புறப்படுகின்றன. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம், கூடவே ஒரு வழிகாட்டி பேசிக்கொண்டே வருவார். மூன்று நாளிலும் சேர்த்து ஒரே ஒரு டிக்கெட்டுக்குத்தான் பணம் கொடுப்பேன் என்றால் இதற்குக் கொடுங்கள். வார இறுதியில் இடம் கிடைக்காது, ஆகவே முன்பதிவு தேவை. மேல்தளத்தில் நிழல் இல்லை. தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.

படகில் ஏறுவதற்கு முன் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாவது, தீ. 1871 அக்டோபர் 8 இரவில் பிடித்த நெருப்பு இரண்டு நாள் எரிந்தது. சுமார் 300 பேர் இறந்தார்கள். ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். மரத்தால் கட்டிய நகரம் சாம்பலானது. அந்த வெற்று மனைகளுக்கு நாட்டின் துடிப்பான கட்டடக்கலைஞர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். சுவர் சுமையைத் தாங்குவதற்குப் பதிலாக உள்ளே இரும்புச் சட்டகம் தாங்கும் முறையில் வில்லியம் லெ பரோன் ஜென்னி 1885-ல் பத்து மாடிக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். வானளாவிகளின் வரலாற்றை அதிலிருந்து தொடங்குபவர்கள் பலர். அந்தக் கட்டடம் 1931-ல் இடிக்கப்பட்டுவிட்டது. அதன் வாரிசுகள்தான் ஆற்றின் இரு கரையிலும் நிற்கின்றன.

இரண்டாவது, ஆறு ஓடும் திசை. இயல்பில் இந்த ஆறு ஏரியில் கலந்தது. நகரத்தின் சாக்கடை ஆற்றிலும், குடிநீர் ஏரியிலும் என்றால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. டைபாய்டு முதலான நீர்வழி நோய்கள் ஓயாமல் வந்தன. அதனால் 28 மைல் நீளத்துக்கு ஆழமான கால்வாய் வெட்டி, 1900-ல் ஆற்றையே திருப்பிவிட்டார்கள். இப்போது அது ஏரியிலிருந்து புறப்பட்டு, உள்நாட்டு நதிகள் வழியாக மிசிசிப்பியில் சேர்கிறது.

படகிலிருந்து கட்டாயம் பார்க்க வேண்டியவை சில. மெரினா சிட்டியின் இரட்டை உருளைக் கோபுரங்களை ஊர்க்காரர்கள் சோளக்கதிர் என்பார்கள். கீழே 19 தளங்களுக்குக் கார்கள் ஆற்றைப் பார்த்து நிற்க, அதற்கு மேலே மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஜீன் காங் வடிவமைத்த அக்வா கோபுரத்தின் மாடிமுகப்புகள் அலை அலையாக வளைந்து நீண்டிருக்கும். பக்கவாட்டிலிருந்து பார்த்தால்தான் அந்த அசைவு தெரியும். ஆற்றின் கிளைகள் சேரும் உல்ஃப் பாயிண்டில் படகு திரும்பும்போது கேமராவைத் தயாராக வைத்திருங்கள். பாலங்கள் வரிசையாக ஒரே படத்தில் விழும்.

இறங்கியதும் பாலத்தின் வடமுனையில் டிரிப்யூன் கோபுரத்தின் தெருமட்டச் சுவரைச் சுற்றி ஒரு நடை நடங்கள். உலகின் புகழ்பெற்ற கட்டடங்களிலிருந்து வந்த கல்துண்டுகளை அதில் பதித்திருக்கிறார்கள். தாஜ்மஹாலின் துண்டும் அவற்றுள் ஒன்று. குழந்தைகளை அழைத்துப் போனால் அதைத் தேடச் சொல்லுங்கள், நேரம் போவதே தெரியாது. அங்கிருந்து வடக்கே பத்து நிமிட நடையில் பழைய தண்ணீர்க் கோபுரம் நிற்கிறது. 1869-ல் கட்டியது. பெருந்தீயைத் தாண்டி நின்ற வெகு சில கட்டடங்களில் இது ஒன்று.

மாலையில் உயரத்துக்குப் போகலாம். வில்லிஸ் டவர், பழைய ஜான் ஹான்காக் சென்டர் இரண்டில் ஒன்று போதும். இரண்டுக்கும் அமைப்புப் பொறியாளர் டாக்காவில் பிறந்த ஃபஸ்லுர் ரஹ்மான் கான். உயரம் கூடக் கூடக் காற்றின் தள்ளுதலே பெரிய எதிரி. கட்டடத்தின் வெளிக்கூட்டையே ஒரு குழாய் போல விறைப்பாக்கிவிட்டால் குறைந்த எஃகில் அதைச் சமாளிக்கலாம் என்பது அவருடைய வழி. 1969-ல் முடிந்த நூறு மாடி ஹான்காக்கில் வெளிச் சுவரிலேயே பெரிய பெருக்கல் குறிகளாக அந்த எஃகு தெரியும். 110 மாடி வில்லிஸ் டவரில் ஒன்பது குழாய்களைக் கட்டாகச் சேர்த்தார். உயரம் 1,450 அடி. 1998 வரை உலகின் உயரமான கட்டடம் என்ற பெயர் அதற்கு இருந்தது.

வில்லிஸின் 103-வது தளத்தில் சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கண்ணாடிப் பெட்டிகளில் ஏறி நிற்கலாம். காலுக்குக் கீழே தெரு. வானம் தெளிவாக இருந்தால் நான்கு மாநிலங்கள் தெரியும். தலைசுற்றல் உள்ளவர்கள் பெட்டிக்குள் போகாமலே முழுக் காட்சியையும் பார்க்க முடியும். ஏரியையும் கரையின் வளைவையும் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஹான்காக்கின் 94-வது தளமே நல்லது. எங்கே போனாலும் சூரியன் மறைய முக்கால் மணி நேரம் இருக்கையில் மேலே இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். பகல், அந்தி, விளக்கேற்றிய நகரம் மூன்றும் ஒரே டிக்கெட்டில் கிடைத்துவிடும். மேகம் தாழ்ந்த நாளில் மேலே ஏறிப் பயனில்லை, மறுநாளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: மில்லேனியம் பூங்காவும் கலைக்கூடமும்

ரயில் தண்டவாளங்களுக்கும் கார் நிறுத்தத்துக்கும் மேலே கூரை போட்டு, அந்தக் கூரையின் மேல் அமைத்த பூங்கா இது; 2004-ல் திறந்தார்கள். கட்டணம் இல்லை. அனிஷ் கபூரின் 'க்ளவுட் கேட்' சிற்பத்தை எல்லோரும் 'பீன்', அதாவது அவரைவிதை என்றே கூப்பிடுகிறார்கள். 168 எஃகுத் தகடுகளை இணைத்து, மூட்டு தெரியாமல் மெருகேற்றிய உருவம். எடை 110 டன். கூட்டம் சேர்வதற்கு முன், காலையிலேயே போங்கள். தூர நின்று வானமும் கட்டடங்களும் வளைந்து தெரிவதைப் படம் எடுத்தபின் அடியில் நுழைந்து அண்ணாந்து பாருங்கள். உட்குழிவில் உங்கள் உருவம் நீண்டு, மடங்கி, பலவாகப் பிரியும். கையை அசைத்தால் எது நீங்கள் என்று கண்டுபிடிக்கவே சற்று நேரம் ஆகும்.

சற்றுத் தெற்கே ஜௌமே பிளென்சாவின் க்ரௌன் நீரூற்று. எதிரெதிரே நிற்கும் ஐம்பது அடிக் கண்ணாடிக் கோபுரங்களில் நகரவாசிகள் ஆயிரம் பேரின் முகங்கள் மாறி மாறித் தோன்றும். அவ்வப்போது ஒரு முகம் உதட்டைக் குவிக்க, வாயிலிருந்து தண்ணீர் கொட்டும். குழந்தைகள் நனையாமல் திரும்ப மாட்டார்கள்; மாற்றுத்துணி எடுத்துப் போங்கள். பின்னால் ஃபிராங்க் கெரி அமைத்த இசை மேடை இருக்கிறது. கரையில் கட்டடத்துக்குத் தடை என்பதால், இந்த மேடையைக் கலைப்படைப்பு என்று வகைப்படுத்தித்தான் எழுப்பினார்கள். கோடை மாலைகளில் இங்கே இலவசக் கச்சேரிகள் நடக்கும். புல்வெளியில் விரிக்க ஒரு துண்டு இருந்தால் போதும்.

பூங்காவுக்கு எதிரே தெருவைக் கடந்தால் சிகாகோ கலாசார மையம். 1897-ல் பொது நூலகமாகக் கட்டிய இதன் உள்ளே 38 அடி விட்டமுள்ள டிஃபனி கண்ணாடிக் குவிமாடம் இருக்கிறது. இங்கும் கட்டணம் இல்லை. மழைக்கு ஒதுங்கவும் கழிவறைக்கும் நல்ல இடம்.

பிறகு, வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள் நிற்கும் ஆர்ட் இன்ஸ்டிட்யூட். கரையில் கட்டடம் கூடாது என்ற விதிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட விலக்கு இது. 1893 உலகக் கண்காட்சியின்போது கட்டிய இந்தக் கட்டடத்தில்தான் சர்வ சமயப் பேரவை கூடியது. செப்டம்பர் 11 அன்று சுவாமி விவேகானந்தர் பேசியது இங்கேதான். அவரை அனுப்பிவைக்கச் சென்னையில் அளசிங்கப் பெருமாளும் நண்பர்களும் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார்கள். அவர் பேசிய தற்காலிக அரங்கம் இன்று இல்லை. ஃபுல்லர்டன் அரங்கை ஒட்டி அவர் நினைவுப் பலகை உண்டு. வாசல் முன் ஓடும் மிச்சிகன் அவென்யூவின் பகுதிக்கு அவர் பெயரும் சூட்டியிருக்கிறார்கள்.

உள்ளே முழுவதையும் பார்க்க முயன்றால் கால்தான் வலிக்கும். மூன்று மணி நேரத்துக்கு இந்தப் பட்டியல் போதும்: புள்ளி புள்ளியாக வண்ணம் வைத்து ஷோரா தீட்டிய 'லா கிராண்ட் ஜாட் தீவில் ஒரு ஞாயிறு', கிரான்ட் உட்டின் 'அமெரிக்கன் காதிக்', ஹாப்பரின் 'நைட்ஹாக்ஸ்', மோனேயின் வைக்கோல் போர்கள். ஷோராவின் ஓவியத்தை முதலில் பத்தடி தள்ளி நின்று பாருங்கள்; பிறகு அருகே போங்கள். மனிதர்கள் மறைந்து புள்ளிகள் மட்டும் மிஞ்சும் இடம் எது என்று தேடுவது தனி இன்பம்.

அதன்பின் தமிழர்கள் தவறாமல் போக வேண்டியது ஆசியக் கலைப் பகுதிக்கு. அங்கே நாகப்பட்டினத்துப் புத்தர் அமர்ந்திருக்கிறார். சோழர் காலம், சுமார் 12-ஆம் நூற்றாண்டு, கருங்கல், உயரம் ஐந்தடிக்கு மேல். கால்களை மடித்து, மடியில் கைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தியானத்தில் இருக்கும் கோலம். சுருள் முடிக்கு மேலே ஒரு சுடர் எழுகிறதே, நாகப்பட்டினத்துச் சிற்பிகளின் அடையாளம் அது. ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய மன்னர் நாகப்பட்டினத்தில் விகாரம் எடுத்ததும், ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைச் சோழர் அதற்குக் கொடுத்ததும் செப்பேட்டில் இருக்கும் செய்திகள். நம் கடற்கரை ஊர் ஒன்றில் பௌத்தம் தழைத்திருந்ததற்கு நேரடிச் சாட்சியை இவ்வளவு அருகில் நின்று பார்க்கலாம். அவசரப்படாமல் பாருங்கள்.

அந்திக்கு கிரான்ட் பூங்காவின் பக்கிங்ஹாம் நீரூற்று. 1927-ல் அமைத்தது. மே முதல் அக்டோபர் வரை குறித்த இடைவெளியில் நடுப் பீச்சு 150 அடி எழும்பும். இருட்டியதும் வண்ண விளக்கோடு பார்க்கலாம்.

மூன்றாம் நாள்: ஏரிக்கரை அருங்காட்சியகங்கள்

கிரான்ட் பூங்காவின் நடுவே வந்திருக்க வேண்டிய ஃபீல்டு அருங்காட்சியகம், வார்டின் வழக்குகளால் தெற்கு முனைக்குத் தள்ளிப் போனது. இப்போது அங்கே ஃபீல்டு, ஷெட் மீன்காட்சியகம், ஆட்லர் கோளரங்கம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒரே நாளில் மூன்றையும் பார்க்கும் ஆசை வேண்டாம். குழந்தைகளோடு என்றால் ஃபீல்டும் ஷெட்டும், மூத்தவர்களோடு என்றால் ஃபீல்டு மட்டும் போதும்.

ஃபீல்டில் 'சூ' என்ற டைரனோசரஸ் எலும்புக்கூடு முதலிடம். 1990-ல் தெற்கு டகோட்டாவில் சூ ஹென்ட்ரிக்சன் கண்டெடுத்தார். 40 அடி நீளம். மொத்த உருவில் ஏறத்தாழ 90 சதவீதம் கிடைத்திருக்கிறது. உடலோடு பொருத்தியிருப்பது மண்டையோட்டின் வார்ப்பு. உண்மையானது அங்கே வைக்க முடியாத கனம் என்பதால் தனிக் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. அங்கே போய் நின்றால் ஒவ்வொரு பல்லையும் கண்மட்டத்தில் பார்க்கலாம்.

அதே அருங்காட்சியகத்தில் சாவோ சிங்கங்கள் இரண்டும் உள்ளன. 1898-ல் கென்யாவில் ரயில் பாலம் கட்டிய தொழிலாளர்களை அடித்துத் தின்றவை. மாண்டவர்களில் இந்தியாவிலிருந்து கூலிக்குப் போனவர்களும் உண்டு. பிடரிமயிர் இல்லாத, எதிர்பார்த்ததை விடச் சிறிய உருவங்கள். சுட்டவர் வீட்டில் பல ஆண்டு தரைவிரிப்பாகக் கிடந்த தோலை வாங்கிப் பாடம் செய்ததே உருவம் சிறுத்ததற்குக் காரணம்.

ஆட்லருக்குள் போகாவிட்டாலும் அதன் வாசல் வரை நடந்துவிடுங்கள். ஏரிக்குள் நீண்ட நிலமுனை அது. நகரத்தின் முழுக் கட்டட வரிசையும் தண்ணீருக்கு மேல் தெரியும். பணம் கொடுத்து ஏறும் எந்த மாடியிலும் இந்தக் காட்சி கிடைக்காது.

இன்னொரு நாள் கையில் இருந்தால் தெற்கே ஹைட் பார்க். அறிவியல் தொழில் அருங்காட்சியகம் 1893 கண்காட்சியின் கலை மாளிகையில் நடக்கிறது. 1944-ல் அமெரிக்கக் கடற்படை பிடித்த ஜெர்மன் நீர்மூழ்கி யு-505 முழுதாக உள்ளே நிற்கிறது. உள்ளே நுழைந்து பார்க்கத் தனி டிக்கெட். அருகிலேயே சிகாகோ பல்கலைக்கழகம். 1942 டிசம்பர் 2-ல் மனிதர் கட்டுப்படுத்திய முதல் அணுத் தொடர்வினை நிகழ்ந்த இடத்தில் ஹென்றி மூரின் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்ட சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937 முதல் இறுதிவரை இந்தப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தார். 1983-ல் நோபல் பரிசு பெற்றார். குறுந்தொகைப் பாடல்களை ஆங்கிலத்தில் தந்த ஏ.கே. ராமானுஜன் பாடம் சொன்னதும் இங்கேதான். படிக்கும் வயதுப் பிள்ளைகள் இருந்தால் இந்த வளாகத்தில் ஒரு மணி நேரம் நடக்க விடுங்கள்.

சாப்பாடு

சிகாகோவின் பெயர் சொல்வது 'டீப் டிஷ்' பிட்சா. ஆழமான தட்டில் பாலாடைக்கட்டியைக் கீழேயும் தக்காளிச் சாற்றை மேலேயும் நிரப்பிச் சுடுவார்கள். கீரையும் காளானும் போட்ட சைவ வகை எல்லாக் கடையிலும் உண்டு. வேக முக்கால் மணி நேரம் வரை ஆகும். பசி வருவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இரண்டு துண்டுக்கு மேல் ஒருவரால் முடியாது. நம் சாப்பாடு வேண்டுமென்றால் வடக்கே டெவன் அவென்யூ. தோசை முதல் பிரியாணி வரை கிடைக்கும். மளிகைக் கடைகளும் துணிக் கடைகளும் வரிசையாக இருக்கும். புறநகரில் லெமான்ட் ராமர் கோயிலும் அரோரா பாலாஜி கோயிலும் பெரியவை. அங்கே போக கார் வேண்டும்.

செலவைக் குறைக்க

பெரிய அருங்காட்சியகங்கள் பலவற்றில் இல்லினாய் மாநிலவாசிகளுக்கு இலவச நாட்கள் உண்டு. உங்கள் பிள்ளைகள் அங்கே குடியிருப்பவர்களானால் அடையாள அட்டையோடு அந்த நாளில் போகலாம். பல இடங்களுக்குச் சேர்த்து எடுக்கும் சிட்டிபாஸ், மூன்று இடத்துக்கு மேல் போகிறவர்களுக்கே லாபம். லிங்கன் பார்க் விலங்குக் காட்சிசாலைக்கு என்றுமே கட்டணம் இல்லை. வாரத்தில் சில நாட்கள் மூடியிருக்கும் இடங்கள் உண்டு என்பதால் கிளம்பும் முன் நேரத்தைச் சரிபாருங்கள். பெரிய பைகளை உள்ளே விட மாட்டார்கள். நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி வேண்டுமானால் வாசலிலேயே கேளுங்கள்.

ஒரே நாள்தான் இருக்கிறதென்றால்

காலை எட்டுக்கு க்ளவுட் கேட், பத்துக்குப் படகு, மதியத்துக்குப் பின் இரண்டு மணி நேரம் ஆர்ட் இன்ஸ்டிட்யூட், அங்கிருந்து ஏரிக்கரை வழியாக ஆட்லர் முனை வரை மெதுவாக நடை. வானளாவியில் ஏறுவதை விட்டுவிடுங்கள். கரையில் நடப்பதை விடாதீர்கள். அந்தக் கரையில் யாரும் உங்களிடம் டிக்கெட் கேட்க மாட்டார்கள். அதுதான் இந்த நகரம் வழக்காடிக் காப்பாற்றிய சொத்து, வெளியூரிலிருந்து வரும் உங்களுக்கும் அதில் பங்கு உண்டு.